கம்ப்யூட்டர் படிக்கணுமா? பி.இ., பி.டெக் ஐடி, பி.எஸ்சி, பிசிஏ... எது யாருக்கு? சேரும் முன் தெரிஞ்சுக்க வேண்டிய முழு விவரம்!

பிளஸ் 2 ரிசல்ட் வந்த அன்றே வீட்டில் அந்தக் கேள்வி தொடங்கிவிடும். "அடுத்து என்ன படிக்கப் போற?" பெரும்பாலான வீடுகளில் வரும் பதில், "கம்ப்யூட்டர்" என்பதுதான். ஆனால் கம்ப்யூட்டர் என்பது ஒரே படிப்பு கிடையாது. பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ், பி.டெக் ஐடி, பி.எஸ்சி, பிசிஏ, டிப்ளமோ, வெப் டிசைன் கோர்ஸ் என்று பட்டியல் நீண்டுகொண்டே போகும்.

இதில் எது பெஸ்ட் என்று தேடுவதைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது. இந்தப் படிப்பு முடித்தால் எந்தெந்தக் கதவு திறக்கும், எது திறக்காது? சேர்வதற்கு முன்பே இதைத் தெரிந்துகொண்டால் பணமும் மிச்சம், வருஷமும் மிச்சம். ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

கட்-ஆஃப்பில் கம்ப்யூட்டர் மார்க் வராது!

பலருக்கும் ஆச்சரியமாக இருக்கும் விஷயம் இது. பிளஸ் 2-வில் கணினி அறிவியல் பாடத்தில் 100-க்கு 100 எடுத்திருந்தாலும், தமிழ்நாடு பொறியியல் கலந்தாய்வுக்கான கட்-ஆஃப்பில் அந்த மார்க் சேராது. கணக்கில் எடுப்பது கணிதம், இயற்பியல், வேதியியல் மட்டும்தான்.

கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50, ஆக மொத்தம் 200. உதாரணமாக ஒரு மாணவி கணிதத்தில் 90, இயற்பியலில் 80, வேதியியலில் 84 எடுத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கணிதம் அப்படியே 90. மற்ற இரண்டும் பாதியாகும், அதாவது 40 மற்றும் 42. கட்-ஆஃப் 172. இதில் வேதியியலில் 10 மார்க் கூடினால் 5 தான் ஏறும். கணிதத்தில் 10 மார்க் கூடினால் முழுசாக 10 ஏறும். இப்போது பிளஸ் 1, பிளஸ் 2 படிப்பவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

அரசு கலை, அறிவியல் கல்லூரிகளில் நிலைமை வேறு. அங்கு பி.எஸ்சி கம்ப்யூட்டர் சயின்ஸ் போன்ற படிப்புகளுக்கு மொழிப் பாடங்கள் தவிர மற்ற நான்கு பாடங்களின் மார்க்கை 400-க்கு கூட்டி தரவரிசை போடுகிறார்கள். கணினி அறிவியலில் எடுத்த மார்க் இங்கே கைகொடுக்கும்.

சிஎஸ்இ, ஐடி... ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?

பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ், பி.டெக் இன்ஃபர்மேஷன் டெக்னாலஜி இரண்டுமே 4 வருஷப் படிப்பு. புரோகிராமிங், டேட்டா ஸ்ட்ரக்சர், டேட்டாபேஸ், ஆபரேட்டிங் சிஸ்டம், நெட்வொர்க் ஆகிய அடிப்படைப் பாடங்கள் இரண்டிலும் உண்டு.

கம்ப்யூட்டர் எப்படி இயங்குகிறது, ஒரு மொழியில் எழுதிய புரோகிராமை இயந்திரம் எப்படிப் புரிந்துகொள்கிறது என்பது போன்ற அடித்தளப் பாடங்களுக்கு சிஎஸ்இ பொதுவாகக் கொஞ்சம் அதிக இடம் கொடுக்கும். வெப், தகவல் மேலாண்மை போன்ற பயன்பாட்டுப் பக்கத்தில் ஐடி கொஞ்சம் அதிகம் நிற்கும். கேம்பஸ் இன்டர்வியூக்களில் பெரும்பாலும் இரண்டு துறையினரையும் ஒன்றாகத்தான் அழைக்கிறார்கள்.

ஏஐ அண்ட் டேட்டா சயின்ஸ், சைபர் செக்யூரிட்டி என்று புதுப் பெயர்களில் வரும் படிப்புகளுக்கும் அடித்தளம் இதே பாடங்கள்தான். அதனால் பெயருக்காக மட்டும் ஒரு சுமாரான கல்லூரியில் சேர்வதைவிட, நல்ல ஆசிரியர்களும் லேபும் உள்ள கல்லூரியில் ஐடி கிடைத்தால் அதுவே மேல்.

பி.எஸ்சி, பிசிஏ யாருக்கு?

இரண்டுமே 3 வருஷப் படிப்பு. இன்ஜினியரிங் கட்டணத்தோடு ஒப்பிட்டால் பொதுவாகச் செலவு குறைவு. அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்தால் ரொம்பவே குறைவு.

வேதியியல், இயற்பியல் படிக்காத வணிகவியல் பிரிவு மாணவர்களுக்கும் இங்கே வாய்ப்பு உண்டு. பிளஸ் 2-வில் கணிதம், வணிகக் கணிதம், கணினி பாடம் இவற்றில் எது இருக்க வேண்டும் என்பது பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும். விண்ணப்பிக்கும் முன் அந்தக் கல்லூரியின் கையேட்டில் பார்த்துவிடுங்கள்.

பிசிஏவில் முக்கியமான மாற்றம் ஒன்று நடந்திருக்கிறது. 2024-25 கல்வியாண்டு முதல் பிசிஏ படிப்பும் அகில இந்திய தொழில்நுட்பக் கல்விக் குழுமமான ஏஐசிடிஇயின் அங்கீகார வரம்புக்குள் வந்துவிட்டது. எனவே பிசிஏ சேர்பவர்கள் பல்கலைக்கழக இணைப்போடு இந்த அங்கீகாரத்தையும் கேட்டுப் பார்க்கலாம்.

3 வருஷப் பட்டத்தில் எந்தக் கதவு மூடும்?

இதை யாரும் அட்மிஷன் நேரத்தில் சொல்ல மாட்டார்கள். அரசு வங்கிகளில் ஐடி அதிகாரி பணிக்கு ஐபிபிஎஸ் நடத்தும் சிறப்பு அதிகாரி தேர்வை எடுத்துக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டர், ஐடி போன்ற துறைகளில் 4 வருஷப் பொறியியல் பட்டமோ முதுநிலைப் பட்டமோ கேட்கிறார்கள். வெறும் பிசிஏ போதாது, எம்சிஏ முடித்தால் எழுதலாம். வெளிநாட்டில் முதுநிலை படிக்க நினைத்தாலும் சில பல்கலைக்கழகங்கள் 4 வருஷப் பட்டம் கேட்கும்.

அதே சமயம் வங்கிகளின் புரொபேஷனரி ஆபீசர் தேர்வுக்கு ஏதாவது ஒரு பட்டம் இருந்தாலே போதும். பெரிய ஐடி நிறுவனங்களும் பிசிஏ, பி.எஸ்சி மாணவர்களைத் தனியாகத் தேர்வு செய்கின்றன. வேலை பார்த்துக்கொண்டே எம்.டெக் படிக்க வைக்கும் விப்ரோவின் திட்டம் இதற்கு ஓர் உதாரணம்.

மூடிய கதவைத் திறக்க வழியும் இருக்கிறது. எம்சிஏ முன்பு 3 வருஷம், 2020-21 முதல் 2 வருஷமாகக் குறைந்துவிட்டது. ஆக பிசிஏ பிளஸ் எம்சிஏ மொத்தம் 5 வருஷம்தான். தமிழ்நாட்டில் டான்செட் தேர்வு, திருச்சி என்ஐடி உள்ளிட்ட என்ஐடிகளுக்கு நிம்செட் தேர்வு எழுத வேண்டும். நிம்செட் எழுத பட்டப்படிப்பில் கணிதம் அல்லது புள்ளியியல் பாடம் தேவை என்பதை மறக்க வேண்டாம். பிளஸ் 2-வில் கணிதம் படித்த பி.எஸ்சி பட்டதாரிகள், பொறியியலில் நேரடி 2-ம் ஆண்டு சேர்க்கைக்கும் விண்ணப்பிக்கலாம்.

10-ம் வகுப்போடு கம்ப்யூட்டர் பக்கம் வர முடியுமா?

முடியும். பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் டிப்ளமோ 3 வருஷம். அதை முடித்தால் பி.இ. நேரடி 2-ம் ஆண்டில் சேரலாம். 10-ம் வகுப்பிலிருந்து கணக்குப் போட்டால் டிப்ளமோ 3, பி.இ. 3, மொத்தம் 6 வருஷம். பிளஸ் 1, பிளஸ் 2 படித்து பி.இ. முடிப்பவருக்கும் அதே 6 வருஷம்தான். டிப்ளமோ போனால் வருஷம் வீணாகும் என்று சிலர் சொல்வது சரியில்லை.

சீக்கிரம் வேலைக்குப் போக வேண்டிய சூழ்நிலை என்றால் ஐடிஐயில் 'கோபா' பிரிவு உண்டு. கம்ப்யூட்டர் ஆபரேட்டர், புரோகிராமிங் அசிஸ்டென்ட் பயிற்சியான இது 1 வருஷம்.

வெப் டிசைன் படிக்க எங்கே போவது?

நீங்கள் படித்துக்கொண்டிருக்கும் இந்தப் பக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். தலைப்பு எது, பத்தி எது என்று சொல்வது எச்டிஎம்எல். எழுத்தின் நிறம், அளவு, இடைவெளியைத் தீர்மானிப்பது சிஎஸ்எஸ். பட்டனைத் தொட்டால் மெனு திறக்கிறதே, அந்த வேலையைப் பார்ப்பது பெரும்பாலும் ஜாவாஸ்கிரிப்ட். வெப் டிசைனின் அடித்தளம் இந்த மூன்றும்தான்.

இதற்கென்றே தனிப் பட்டம் கொடுக்கும் கல்லூரிகள் மிகக் குறைவு. பிசிஏ, பி.எஸ்சி, பி.டெக் ஐடி படிப்புகளில் வெப் டெக்னாலஜி ஒரு பாடமாக வரும். விஸ்காம் படிப்பவர்கள் டிசைன் பக்கத்திலிருந்து இதற்குள் வருவார்கள். தனியார் பயிற்சி மையங்கள் தருவது சான்றிதழ்தான், பட்டம் அல்ல. "100 சதவீதம் வேலை உறுதி" என்று சொல்லும் இடத்தில் பணம் கட்டும் முன், அந்த உறுதியை எழுத்தில் தரச் சொல்லிக் கேளுங்கள்.

இந்தத் துறையில் இன்டர்வியூவில் முதலில் கேட்பது, "நீங்க செஞ்சதைக் காட்டுங்க" என்பதுதான். தெருமுனைக் கடைக்கு ஒரு சின்ன வெப்சைட், பள்ளிக்கு ஒரு பக்கம் என்று நான்கைந்து வேலைகளைச் செய்து கையில் வைத்திருப்பவருக்கு மதிப்பு அதிகம். ஃப்ரீகோட்கேம்ப் போன்ற தளங்களில் இலவசமாகவே கற்கலாம்.

ஜேஇஇ எழுதாமல் சென்னை ஐஐடியில் படிக்கலாமா?

படிக்கலாம். சென்னை ஐஐடி 2020-ல் தொடங்கிய ஆன்லைன் டேட்டா சயின்ஸ் படிப்புக்கு ஜேஇஇ தேவையில்லை. 10-ம் வகுப்பில் கணிதம், ஆங்கிலம் படித்து பிளஸ் 2 முடித்திருந்தால் எந்தக் குரூப் மாணவரும் விண்ணப்பிக்கலாம். சில வாரப் பாடம், அதன்பின் தகுதித் தேர்வு, அதில் தேறினால் அட்மிஷன்.

பாடம் ஆன்லைனில் இருந்தாலும் முக்கியத் தேர்வுகளை மையத்துக்கு நேரில் போய்த்தான் எழுத வேண்டும். நடுவில் நிறுத்தினாலும் முடித்த கட்டத்துக்கு ஏற்ப சான்றிதழ், டிப்ளமோ, பி.எஸ்சி என்று கிடைக்கும். முழுதாக முடித்தால் 4 வருஷ பிஎஸ் பட்டம். குடும்ப வருமானத்தைப் பொறுத்து கட்டணச் சலுகையும் உண்டு. ஒரே நேரத்தில் இரண்டு பட்டம் படிக்க 2022-ல் யுஜிசி அனுமதி கொடுத்துவிட்டதால், வேறு கல்லூரியில் படித்துக்கொண்டே இதையும் படிப்பவர்கள் இருக்கிறார்கள்.

மேனேஜ்மென்ட் சீட்டுக்கு அவசரப்பட வேண்டாம்!

"இப்பவே அட்வான்ஸ் கட்டலைன்னா சீட் போயிடும்" என்ற போன் கால் வந்தால் பல பெற்றோர் பதறிப்போய் நகையை அடகு வைத்துவிடுகிறார்கள். கலந்தாய்வு முடியும் முன் இப்படிக் கட்டுவதில் பெரிய நஷ்டம் ஒன்று ஒளிந்திருக்கிறது.

குடும்பத்தின் முதல் பட்டதாரிக்கு கல்விக் கட்டணச் சலுகை உண்டு. 6 முதல் 12-ம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் எல்லாவற்றையும் தமிழ்நாடு அரசே ஏற்கும். ஆனால் இவை இரண்டும் கலந்தாய்வு மூலம் சேர்ந்தால் மட்டுமே. மேனேஜ்மென்ட் சீட்டில் சேர்ந்தால் கிடைக்காது.

இது தவிர அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்கு புதுமைப் பெண் திட்டத்திலும், மாணவர்களுக்கு தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் ரூ.1,000 உதவித்தொகை வழங்கப்படுகிறது. முதல் பட்டதாரி சான்றிதழ், சாதிச் சான்றிதழ் போன்றவற்றை இ-சேவை மையத்தில் முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

சேரும் முன் கேட்க வேண்டிய 5 கேள்விகள்

1. கல்லூரி எந்தப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது? ஏஐசிடிஇ அங்கீகாரம் இந்த ஆண்டுக்கு இருக்கிறதா?

2. என்பிஏ தரச்சான்று எந்தத் துறைக்கு? இது கல்லூரிக்கு மொத்தமாகத் தரப்படுவதில்லை, ஒவ்வொரு படிப்புக்கும் தனித்தனி. மெக்கானிக்கலுக்கு வாங்கியதைக் காட்டி கம்ப்யூட்டர் சீட் விற்பவர்களும் உண்டு.

3. போன வருஷம் இந்தத் துறையில் எத்தனை பேர் படித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை? "அதிகபட்ச சம்பளம்" என்று பேனரில் இருப்பது ஒரே ஒருவருக்குக் கிடைத்ததாக இருக்கலாம்.

4. லேபில் ஒருவருக்கு ஒரு கம்ப்யூட்டர் கிடைக்குமா? இதை அங்கே படிக்கும் சீனியரிடம் கேளுங்கள்.

5. கல்விக் கட்டணம் தவிர பஸ், விடுதி, பயிற்சி என்று வேறு என்னென்ன கட்ட வேண்டும்? ரசீது தருவார்களா?

இன்னொன்று. அசல் சான்றிதழ்களை கல்லூரி தன்னிடமே நிறுத்தி வைத்துக்கொள்ளக் கூடாது என்பது விதி. சரிபார்த்ததும் திரும்பக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

ஏஐ வந்தாச்சே... இன்னும் கோடிங் படிக்கலாமா?

இப்போது பெற்றோர் அதிகம் கேட்கும் கேள்வி இது. சின்னச் சின்ன புரோகிராம்களை ஏஐ நொடியில் எழுதித் தருகிறது, உண்மைதான். ஆனால் அது எழுதியது சரியா, பாதுகாப்பானதா, ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் வந்தால் தாங்குமா என்று பார்க்க ஆள் வேண்டும். அதற்கு டேட்டா ஸ்ட்ரக்சர், நெட்வொர்க், டேட்டாபேஸ் ஆகிய பழைய அடிப்படைகள்தான் தேவை. பாடத்தை மனப்பாடம் செய்து பாஸ் ஆகிறவருக்குத்தான் சிக்கல். புரிந்து படிக்கிறவருக்கு ஏஐ ஒரு கருவி.

அரசின் நான் முதல்வன் திட்டத்தில் கல்லூரி மாணவர்களுக்குத் திறன் பயிற்சிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. சுவயம், என்பிடெல் தளங்களில் ஐஐடி பேராசிரியர்களின் பாடங்களை யார் வேண்டுமானாலும் கேட்கலாம், தேர்வுக்கு மட்டும் கட்டணம்.

சுருக்கமாகச் சொன்னால், நல்ல கட்-ஆஃப் இருந்தால் கலந்தாய்வு வழியாக சிஎஸ்இ அல்லது ஐடி. கணித, அறிவியல் குரூப் இல்லையா, செலவு தாங்காதா, பி.எஸ்சி அல்லது பிசிஏ படித்து அதன்பின் எம்சிஏ. 10-ம் வகுப்பு முடித்தவருக்கு டிப்ளமோ. கேட்ட சீட் கிடைக்கவில்லை என்று எந்த மாணவரும் மனம் உடையத் தேவையில்லை. ஒரு பாதை அடைந்தால் சுற்றிப் போக இன்னொரு பாதை இந்தத் துறையில் எப்போதும் இருக்கிறது. பெற்றோர் இதைப் பிள்ளையிடம் ஒருமுறை வாய்விட்டுச் சொன்னாலே பாதி பாரம் குறைந்துவிடும்.