விடிய விடிய

விருதுநகர் மாவட்டத்தில் ப்ராக்ரசிவ் ராக் விழா எப்போதாவது நடந்திருக்கிறதா என்று ஒரு நண்பன் கேட்டான். எனக்குத் தெரிந்து இல்லை. ஆனால் கேள்வி விடவில்லை. ‘ப்ராக்ரசிவ்’ என்ற சொல்லைத் தமிழில் போட்டுப் பாருங்கள். முற்போக்கு. அந்தச் சொல்லை மேடை முகப்பில் எழுதிவைத்து, ராத்திரி முழுக்கப் பாட்டும் பறையும் கூத்துமாக நடந்த விழா இந்தக் கரிசல் காட்டில் உண்டு. அதன் பெயர் கலை இரவு. சொல் ஒன்றாக இருப்பது தற்செயல்தான். ஆனால் இரண்டுக்கும் பொதுவாக ஒரு பிடிவாதம் இருந்தது. சுருக்கமாகச் சொல்ல மாட்டேன், நீ உட்கார்ந்துதான் கேட்க வேண்டும் என்கிற பிடிவாதம்.

1969இல் கிங் கிரிம்ஸனின் முதல் ஆல்பம் வந்தபோது ராக் பாட்டுக்கு மூன்று நிமிடம் போதும் என்பதுதான் வானொலியின் கணக்கு. அதை மீறியவர்கள் இவர்கள். 1972இல் யெஸ் குழு ஒரே பாட்டை 18 நிமிடத்துக்கு இழுத்தது. தாளம் நடுவில் மாறும், பாட்டு நின்று வேறு எங்கோ போய்த் திரும்பி வரும். ஐந்தாறு வருசத்தில் பங்க் வந்து ‘போதும்டா சாமி’ என்று கேலி செய்தது. அப்புறம் இந்த இசை சின்ன விழாக்களில்தான் பிழைத்தது. அமெரிக்காவில் நியர்ஃபெஸ்ட் என்றொரு விழா 1999இலிருந்து 2012 வரை நடந்தது. பெரும்பாலான வருசங்கள் நடந்த ஊர் பென்சில்வேனியாவின் பெத்லஹேம். உருக்காலை ஊர். 1995இல் அங்கே உருக்கு வார்ப்பது நின்றுபோனது. ஆயிரம் பேர் அளவுக்கான அரங்கில், மற்றவர்கள் மறந்துபோன இசையை நாள் முழுக்க உட்கார்ந்து கேட்டார்கள். ஒரு தொழில் ஊருக்கும் நீண்ட இசைக்கும் இப்படி ஓர் உறவு அமைந்தால் எனக்கு உடனே சிவகாசி ஞாபகம் வரும்.

சிவகாசி என்றதும் எல்லாரும் சொல்வது 1920களில் இரண்டு இளைஞர்கள் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் படித்து வந்த கதையை. அய்ய நாடார், சண்முக நாடார். நல்ல கதைதான். ஆனால் அதே ஊரில் 1886இல் பிறந்த இன்னொரு ஆளை இந்த ஊர்ப் பெருமைப் பட்டியலில் பலபேர் விட்டுவிடுகிறார்கள். தியாகி விஸ்வநாததாஸ்.

நாவிதர் சமூகத்தில் பிறந்தவர். ஸ்பெஷல் நாடகத்தில் ராஜபார்ட். ஸ்பெஷல் நாடகம் என்றால் என்னவென்று இன்றைய ஆட்களுக்குச் சொல்ல வேண்டும். நிரந்தரக் கம்பெனி கிடையாது. ராஜபார்ட் ஒரு ஊரிலிருந்து, ஸ்திரீபார்ட் இன்னொரு ஊரிலிருந்து, ஆர்மோனியக்காரர் வேறெங்கிருந்தோ வருவார்கள். ஒத்திகை இல்லை. சங்கரதாஸ் சுவாமிகளின் ‘வள்ளி திருமணம்’ எல்லாருக்கும் மனப்பாடம். ராத்திரி பத்து மணிக்கு மேல் ஆரம்பித்து விடியும்போது முருகனுக்குக் கல்யாணம். நடுவில் வேலனுக்கும் வள்ளிக்கும் தர்க்கம் நடக்கும். பாட்டாலேயே மடக்கி மடக்கிக் கேள்வி கேட்பார்கள், யார் எங்கே கொண்டுபோவார்கள் என்று மற்றவருக்குத் தெரியாது, ஆர்மோனியம் பின்னாலேயே ஓடும். ஜாம் என்று ராக்கில் சொல்கிறார்களே, இதுதான். என்ன, இங்கே அதற்குப் பொட்டல்வெளியும் பெட்ரோமாக்ஸும்.

விஸ்வநாததாஸ் இந்த இடைவெளிகளில்தான் அரசியலை நுழைத்தார். அவருக்குப் பாட்டு எழுதியவர்களில் முக்கியமானவர் மதுரகவி பாஸ்கரதாஸ். விளாத்திகுளம் பக்கத்து நாகலாபுரத்துக்காரர். 1931இல் வந்த முதல் தமிழ்ப் பேசும்படமான ‘காளிதாஸ்’ படத்துக்கும் பாட்டு எழுதியவர் இவர்தான். வெள்ளைக்காரனைக் கொக்காக்கி ஒரு பாட்டு உண்டு. வள்ளி தினைப்புனம் காக்கிற கதை, பறவை விரட்டுகிற கதை, அதில் கொக்கு வந்தால் யார் என்ன சொல்ல முடியும்? போலீசுக்குப் புரிந்தது. 1876ஆம் ஆண்டு நாடகச் சட்டம் கையில் இருந்தது. பலமுறை சிறை போனார் தாஸ். வெளியே வந்து மறுபடி அதையே பாடினார்.

இன்னொரு பக்கமும் உண்டு. அவர் சாதியைச் சொல்லி அவரோடு ஜோடியாக நடிக்க மறுத்த நடிகைகள் இருந்தார்கள். முருகனாக வேஷம் கட்டலாம், சனம் கும்பிடும். ஆனால் வேஷத்துக்குள் இருக்கிற ஆள் யார் என்ற கணக்கு ஒருபோதும் மறக்கப்படவில்லை. 1940 டிசம்பர் 31 அன்று சென்னை ராயல் தியேட்டர் மேடையில், மயில்மேல் முருகனாக உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தபோதே உயிர் போனது. இதைச் சினிமாவில் வைத்தால் மிகை என்று சொல்லிவிடுவோம்.

அடுத்த கண்ணி பண்ணைப்புரத்திலிருந்து வந்தது. பாவலர் வரதராஜன் கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் பாடத் தொடங்கி, தம்பிகளையும் சேர்த்துக்கொண்டு தென்மாவட்டமெங்கும் சுற்றினார். 1958 தேவிகுளம் இடைத்தேர்தலில் எஸ்டேட் தொழிலாளர்கள் நடுவே அவர் பாடியது இன்றும் பேசப்படுகிறது. தம்பிகளில் ஒருவர் ஆர்மோனியம் வாசித்த ராசய்யா, அதாவது இளையராஜா. பாவலரின் முறை எளிமையானது. ஊருக்கே தெரிந்த சினிமா மெட்டை எடுத்து, வார்த்தையை மட்டும் மாற்றிவிடுவார். ஜனம் முதல் வரியிலேயே பாட்டுக்குள் வந்துவிடும்.

இந்த முறை பிரச்சாரத்துக்குப் பொன். இசைக்கு? இங்கேதான் எனக்கு மனத்தாங்கல். முற்போக்கு மேடை வார்த்தையில் முன்னே போனது, மெட்டில் பல நேரம் கடன் வாங்கியே காலம் தள்ளியது. அந்த மேடையில் பத்து வருசம் வாசித்தவர் 1960களின் கடைசியில் சென்னை போய், தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை படித்து, 1986இல் தியாகராஜரையும் பாஹையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்து ‘ஹவ் டு நேம் இட்’ செய்தார். தமிழில் ப்ராக் மனநிலைக்கு மிக அருகில் வந்த ஆல்பம் அதுதான் என்பேன். அது கட்சி மேடையில் பிறந்திருக்க முடியாதா? எம்.பி. சீனிவாசன் முயன்றார். கம்யூனிஸ்ட், சினிமா இசைக்கலைஞர்களுக்குச் சங்கம் கட்டியவர். பாரதி பாட்டுகளைப் பல குரல் அடுக்குகளாகப் பிரித்து மெட்ராஸ் யூத் கொயரில் பாட வைத்தார். ஆனால் 1988இல் அவர் இறந்த பிறகு அந்தச் சேர்ந்திசை கரிசல் மேடைகளுக்குப் பெரிதாக வந்து சேரவில்லை.

வந்தது வேறு. 1975இல், அவசரநிலை அறிவித்த சில வாரங்களில், மதுரையில் தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் சங்கம் தொடங்கியது. தமுஎச. அதன் கிளைகள் நடத்தியதுதான் கலை இரவு. 80களிலும் 90களிலும் சாத்தூர், சிவகாசி, விருதுநகர், அருப்புக்கோட்டை, ராஜபாளையம் என்று சுற்றி வந்தது.

ஒரு கலை இரவை எப்படிச் சொல்வது? பஜாரில் உண்டியல் குலுக்கித் திரட்டிய காசில் மேடை. ஏழு மணிக்கு ஆரம்பம் என்று நோட்டீஸ் சொல்லும், எட்டரைக்குப் பறை தொடங்கும். பறை என்பது சாவு வீட்டு ஓசை என்று ஒதுக்கிவைத்திருந்த ஊரில், அதை மேடை நடுவில் நிறுத்துவதே ஒரு அறிக்கை. ஒயிலாட்டம், கரகம். கம்பளத்து நாயக்கர்களின் தேவராட்டம் வந்தால் தேவதுந்துபி என்கிற உறுமி வரும். ஆட்டக்காரர்கள் ஒருவார்த்தை பாட மாட்டார்கள், தாளம் மாற மாற அடவு மாறும், அவ்வளவுதான். தாளத்தை மட்டும் நம்பி இவ்வளவு நேரம் கூட்டத்தைப் பிடித்துவைக்க முடியும் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம். பிறகு வீதி நாடகம். பிறகு ஒரு பேச்சாளர், அவருக்குக் கொடுத்தது அரைமணி, எடுத்துக்கொள்வது எவ்வளவு என்று கேட்காதீர்கள். டீ குடிக்க ஒரு கூட்டம் எழும். நள்ளிரவுக்கு மேல்தான் பாட்டுக்காரர்களின் நேரம். கரிசல் கிருஷ்ணசாமி, கரிசல் கருணாநிதி என்று மண்ணைப் பேருக்கு முன்னால் போட்டுக்கொண்டவர்கள். கே.ஏ. குணசேகரன் பாடிப் பரப்பிய இன்குலாபின் ‘மனுசங்கடா’ பாட்டு. 1968இல் கீழவெண்மணியில் 44 பேரை எரித்ததை நெஞ்சில் வைத்து எழுதியது. ரெண்டு மணிக்கு அதைக் கேட்டால் தூக்கம் எங்கே வரும்?

1990இல் பாரத ஞான விஞ்ஞான ஜாதா, அதைத் தொடர்ந்து அறிவொளி இயக்கம் என்று வந்தபோது இந்தக் கலைஞர்களில் பலர் கிராமம் கிராமமாகப் போனார்கள். மெட்டு, வார்த்தை எல்லாம் அங்கே புதிதாகப் பிறந்தன. சாத்தூர் பக்கம் நென்மேனி மேட்டுப்பட்டியைச் சேர்ந்த எழுத்தாளர் ச. தமிழ்ச்செல்வன் அந்த அலையின் முக்கியமான ஆள். பாஸ்கரதாஸின் பேரன் அவர். தீப்பெட்டி ஆபீஸ் பெண்ணைப் பற்றி அவர் எழுதிய ‘வெயிலோடு போய்’ கதைதான் 2008இல் ‘பூ’ படமானது. (இங்கே யாரும் தீப்பெட்டித் தொழிற்சாலை என்று சொல்வதில்லை. ஆபீஸ்தான். பட்டாசுக்கும் ஆபீஸ்தான்.)

அந்தப் பெண்களைப் பற்றி ஒரு சங்கடமான விஷயம். கலை இரவின் பாட்டுகளில் பாதி அவர்களைப் பற்றியது. குச்சி அடுக்கும் கை, மருந்து நாற்றம், படிப்பை விட்ட பிள்ளை. சலம் பென்னுர்கரின் ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’ ஆவணப்படம் 1990இல் வந்து உலகத்துக்குக் காட்டியதும் அதைத்தான். சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், வேலைக்கு வைத்த முதலாளி ஒரு குழந்தைக்கு 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றது. சரி. ஆனால் கம்பெனி வேன் கிராமத்துக்கு வருவது விடியற்காலை, பல ஊர்களில் நாலு மணிக்கே. அதற்கு முன்னால் எழுந்து தண்ணி பிடித்துச் சோறு பொங்க வேண்டும். விடிய விடிய நடக்கிற விழாவில் அவளைப் பற்றிய நல்ல பாட்டு ரெண்டு மணிக்கு வந்தால், அதை அவள் எப்படிக் கேட்பாள்? அந்த இரவு யாருடைய இரவாக இருந்தது? ஸ்பெஷல் நாடகம் திருவிழாவோடு வரும், மறுநாள் ஊருக்கே லீவு. கலை இரவுக்கு அப்படி இல்லை. இதை அந்த இயக்கத்துக்காரர்கள் போதுமான அளவு யோசித்ததாக எனக்குத் தோன்றவில்லை.

யோசிக்கும் முன்பே வேறொன்று நடந்தது. 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை ஒலிபெருக்கியைத் தடுத்தன. 2005 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதை உறுதிப்படுத்தியது. வருசத்தில் பதினைந்து நாட்களுக்கு மேல் போகாமல், நள்ளிரவு பன்னிரண்டு வரை மாநில அரசு தளர்த்தலாம், அவ்வளவுதான். முன்பெல்லாம் கண்டுகொள்ளாமல் விட்ட ஸ்டேஷன்கள் பத்து மணிக்கு மைக்கை நிறுத்தச் சொல்ல ஆரம்பித்தன. கலை இரவு ஒரு மாலை நிகழ்ச்சியாகச் சுருங்கியது. விதியைக் குறை சொல்ல முடியவில்லை, நோயாளியும் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளையும் இருக்கிற ஊர்தானே. இருந்தாலும் விடிய விடிய நடந்த ஒரு வடிவம் பத்து மணிக்கு முடிந்தாக வேண்டும் என்றால் அதில் எதை வெட்டுவது? பேச்சாளரையா? நடைமுறையில் வெட்டுப்பட்டது தாளம்தான். தேவராட்டத்துக்குப் பத்து நிமிடம், பறைக்குப் பதினைந்து. மேடை ஏறி இறங்கவே சரியாக இருக்கும்.

சத்தத்துக்கு அளவு வைக்கிற சட்டம் சிவகாசிக்குப் புதிதல்ல. நாலு மீட்டர் தூரத்தில் 125 டெசிபலுக்கு மேல் எந்த வெடியும் போகக்கூடாது என்று ஏற்கெனவே விதி உண்டு. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்பையும் சரவெடியையும் தடுத்தது, தீபாவளியன்று வெடிக்க இரண்டே மணி நேரம் கொடுத்தது. ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. நாலு மணி வேன் வரவில்லை. அந்த மாதங்களில் ராத்திரி முழுக்க விழித்திருக்க அவளுக்கு நேரம் இருந்தது.