ஹீட் பம்ப்: பழைய யோசனை, மெல்லிய வயர்

தில்லிக் குளிருக்கு ‘ஹாட் அண்ட் கோல்ட்’ ஏசி மாட்டும் நம்ம மக்களே, இதன் வயசு தெரியுமா? வெளிக்காற்றின் வெப்பத்தையே இறைத்து வீட்டைச் சூடாக்கலாம் என்று 1852-இலேயே சொன்னவர், பின்னாளில் கெல்வின் பிரபுவான வில்லியம் தாம்சன். 1938-இல் சூரிக் நகரின் பழைய மன்றக் கட்டடம் லிம்மாட் ஆற்றுநீரிலிருந்து வெப்பம் எடுத்தது.

1982-இல் ஜப்பானின் டைகின், வெளியே ஒரு யூனிட், உள்ளே அறைக்கொன்று என விஆர்வி முறையைக் கொண்டுவந்தது. இப்போது பெரிய ஃப்ளாட்டுகளிலும் இதைப் பார்க்கலாம். இதில் கரண்ட் மட்டும் போதாது. எந்த அறைக்கு எவ்வளவு என்று யூனிட்டுகள் பேசிக்கொள்ள இரண்டு மெல்லிய சிக்னல் வயர்கள் தனியே ஓடும். அந்த டெர்மினலில் எலக்ட்ரீஷியன் மாற்றி 230 வோல்ட் கொடுத்தால் போர்டு போச்சு!

சுவரைப் பூசி மூடுமுன் இரு பக்க டெர்மினல் நம்பர்களையும் ஒத்துப் பாருங்கள், வங்கியில் நாங்கள் வவுச்சரை டிக் அடிக்கிற மாதிரி.