ஒன்டாரியோ குடிநீர் ஆதாரப் பாதுகாப்பு

பொதுக் குடிநீர் எடுக்கும் கிணறு, ஏரி, ஆறுகளுக்கு எங்கிருந்து கேடு வரலாம் என்று முன்கூட்டியே மதிப்பிட்டுத் தடுப்பதற்காகக் கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் செய்துள்ள சட்ட ஏற்பாடு. 2006ஆம் ஆண்டின் தூய நீர்ச் சட்டம் இதன் அடிப்படை. ஆற்றுப்படுகை வாரியான பாதுகாப்பு ஆணையங்கள் அங்கே 1946 முதலே அமையத் தொடங்கின. ஆனால் அவை பெரும்பாலும் வெள்ளத்தையும் மண்ணரிப்பையும் கவனித்தன. குடிநீரைக் குளோரின் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டார்கள்.

அந்த நம்பிக்கை உடைந்த இடம் வாக்கர்டன். சுமார் 4,800 பேர் வாழ்ந்த ஊர். 1978இல் தோண்டிய அதன் 5ஆம் எண் கிணற்றுக்குத் தண்ணீர் முழுவதும் தரையிலிருந்து 5 முதல் 8 மீட்டருக்குள் கிடைத்தது. மேலே மெல்லிய மண், அடியில் வெடிப்பு விட்ட பாறை, பக்கத்தில் பண்ணை. மேற்பரப்பு நீர் எளிதில் உள்ளே இறங்கிவிடும் என்பது தொடக்கத்திலேயே தெரிந்திருந்தும், அனுமதியில் அதற்கென நிபந்தனை எதுவும் சேர்க்கப்படவில்லை.

2000 மே மாதம் கொட்டிய மழையில் வயலுக்கு இட்ட எரு கிணற்றுக்குள் கசிந்தது, ஈ.கோலை ஓ157 கிருமியும் கூடவே வந்தது. குளோரின் அளவை நாள்தோறும் அளக்க வேண்டிய ஊழியர்கள் பல நாள் அளக்காமலே ஏட்டில் 0.5, 0.75 என்று எழுதி வைத்தார்கள். நீரில் கிருமி இருப்பதை மே 17 அன்றே தனியார் ஆய்வகம் ஊர்க் குடிநீர் நிர்வாகத்துக்குத் தெரிவித்தது. சுகாதாரத் துறைக்குச் சொல்லும் சட்டக் கட்டாயம் அப்போது ஆய்வகத்துக்கு இருக்கவில்லை. சுகாதார அலுவலர்கள் விசாரித்தபோது, தண்ணீரில் குறையில்லை என்றே நிர்வாகத்திடமிருந்து பதில் வந்தது. கொதிக்க வைத்துக் குடிக்கும்படி அறிவிப்பு வந்தது மே 21இல். 2,300க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். 7 பேர் இறந்தனர்.

இதை விசாரித்த நீதிபதி டெனிஸ் ஓகானர் ஆணையம் 2002இல் 121 பரிந்துரைகளை அளித்தது. அதன் முடிவுகளில் முக்கியமானதாகச் சொல்ல வேண்டியது, எரு இட்ட விவசாயி மீது தவறில்லை என்பது. அவர் முறைப்படியே செய்திருந்தார். ஊழியர்களைத் தண்டித்தால் மட்டும் போதாது, எந்த நிலத்தில் எதைச் செய்யலாம் என்பதையே வரையறுக்க வேண்டும் என்ற எண்ணம் இதனால் வலுப்பெற்றது.

அதன்படி 2006ஆம் ஆண்டுச் சட்டம் கிணற்றைச் சுற்றி வளையங்கள் வரைகிறது. முதல் வளையம் 100 மீட்டர். அடுத்தவற்றை நிர்ணயிப்பது தூரமல்ல, காலம்: நிலத்தடி நீர் கிணற்றை வந்தடைய 2, 5, 25 ஆண்டுகள் ஆகும் பகுதிகள். எளிதில் மாசுபடும் இடத்துக்கு உச்ச மதிப்பெண் 10. அங்கே எரு, எரிபொருள் தொட்டி, சாலையில் தூவும் உப்பு எல்லாமே கட்டுப்பாட்டுக்கு உள்ளாகும். மலக்குழித் தொட்டியை 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும். 2015க்குள் மாகாணத்தின் 22 பாதுகாப்புத் திட்டங்களும் ஒப்புதல் பெற்றன.

நகராட்சிக் குடிநீரை மனத்தில் வைத்து இயற்றிய சட்டம் இது. வீட்டுக் கிணற்று நீரைக் குடிக்கும் கிராமத்தாரும், ஒருசில இடங்கள் நீங்கலாகப் பழங்குடிச் சமூகங்களும் இன்னும் இதன் வரம்புக்கு வெளியே இருக்கிறார்கள்.