தேங்காய் எண்ணெயில் ஓடிய லொறியின் கணக்கு

லைடன் தீவின் வடமேற்கில், ஊர்காவற்றுறைத் துறைமுகத்தை ஒட்டிக் கிடக்கிறது கரம்பொன். சுண்ணக்கல் நிலமும் உவர் ஏறிய கிணறுகளும் பனங்கூடலுமான ஊருக்கு அரிசி, ஓடு, மரம், துணி எல்லாம் வெளியிலிருந்துதான் வந்தாக வேண்டும். ஒல்லாந்தர் காலத்தில் யானைகளைக்கூடக் கப்பலேற்றிய துறை அது. பாய்க்கப்பல்கள் அங்கிருந்து தென்னிந்தியக் கரைக்கும் அதற்கு அப்பாலும் போய்வந்தன. காற்றுக்கு எவரும் காசு கொடுக்கவில்லை. ஆனாலும் கப்பல் வணிகம் மலிவாக நடந்ததாகச் சொல்ல முடியாது. காற்றுத் திரும்பும் வரை மாலுமிகளுக்குச் சோறு போட வேண்டும். சரக்கில் முடக்கிய பணத்துக்கு வட்டி ஓடும். வாடைக்காற்று மூர்க்கமாக வீசும் மாதங்களில் கப்பல் கரையில் கிடக்கும். எரிபொருளுக்குச் செலவே இல்லாத போக்குவரத்திலும் ஒரு மூட்டையை ஊர் சேர்க்க இத்தனை செலவு இருந்தது. எரிபொருளின் விலை வேறு, அதைக் கொண்டு சுமை இழுப்பதற்கு ஆகும் செலவு வேறு. தாவர எண்ணெயிலிருந்து வரும் டீசல் மலிவா, மண்ணுக்குள்ளிருந்து வரும் டீசல் மலிவா என்று இன்று எழும் விவாதத்தில் மறந்துபோவது இந்த வேறுபாடுதான்.

பண்ணைத் தாம்போதி தீவை யாழ்ப்பாண நகரத்தோடு தரைவழியே பிணைத்த பிறகு பாய்க்கப்பலின் இடத்தை லொறி பிடித்துக்கொண்டது. ஊர்காவற்றுறையிலிருந்து நகரம் ஏறத்தாழ 20 கிலோமீற்றர். நகரத்திலிருந்து கொழும்பு ஏறத்தாழ 400 கிலோமீற்றர். குடாநாட்டு வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் இரவோடிரவாகத் தெற்கே போயின. மாவும் சீனியும் சீமெந்தும் திரும்பி வந்தன. டீசலுக்குக் காசு போனாலும் காத்திருப்பு ஒழிந்தது. ஒரு லீற்றர் டீசலில் ஏறத்தாழ 36 மெகாயூல் ஆற்றல் அடங்கியிருக்கிறது. சாதாரண வெப்பநிலையில் அது உறையாது, பீப்பாயில் மாதக்கணக்கில் கெடாமல் கிடக்கும். இந்தக் குணங்கள் எதற்கும் தனி விலை கட்டி எவரும் வாங்கியதில்லை. அவை இல்லாமற்போன நாளில்தான் அவற்றின் பெறுமதி தெரிந்தது.

அந்த நாள் 1990 ஜூனில் போர் மீண்டும் வெடித்ததோடு வந்தது. வடக்கின் மீது விழுந்த பொருளாதாரத் தடையில் பெற்றோலும் டீசலும் முதன்மையானவை. மண்ணெண்ணெய் மட்டும் பங்கீட்டு அளவில் சங்கக்கடைகள் வழியே கிடைத்தது. வெளியே அதன் விலை பல மடங்கு. கரம்பொன் உள்ளிட்ட தீவுப்பகுதி 1990–91 இல் படையினர் வசமாகி, மக்களில் பெரும்பகுதியினர் குடாநாட்டுக்கு இடம்பெயர்ந்தார்கள். ஆகவே பின்னர் நடந்ததைத் தீவார் தங்கள் ஊரில் காணவில்லை, அகதிகளாகத் தங்கியிருந்த ஊர்களின் தெருக்களில் கண்டார்கள். பழைய மொறிஸ் மைனர்களும் ஒஸ்ரின்களும் சூப்பிப் போத்தலால் பீய்ச்சிய சில துளி பெற்றோலில் உயிர்பெற்று, மண்ணெண்ணெயில் ஓடின. டீசல் எஞ்சின் பூட்டிய மினி பஸ்களும் லொறிகளும் மண்ணெண்ணெயோடு தேங்காய் எண்ணெய் போன்ற தாவர எண்ணெயைக் கலந்து குடித்தன. தமிழர் நிலத்தில் தாவர எரிபொருள் பரவலாகவும் நீண்ட காலத்துக்கும் பரீட்சிக்கப்பட்டது அப்போதுதான். ஆய்வுகூடத்தில் செய்யப்படாத பரீட்சை என்பதால் அதைப் புறந்தள்ள வேண்டியதில்லை. கூலிக்கு ஓடிய வண்டியில் செய்த பரீட்சை அது. செலவு முழுவதும் ஓட்டியவரின் தலையிலேயே விழுந்தது.

கராச்சுகளில் பிறந்த அந்தக் கலவைக்கு நல்ல காரணம் உண்டு. டீசல் எஞ்சினின் பம்பும் இன்ஜெக்டரும் எரிபொருளின் வழுவழுப்பைக் கொண்டே தேயாமல் இயங்குகின்றன. மண்ணெண்ணெய் மெல்லியது, வறண்டது. தனியே ஊற்றினால் பம்பு உராய்ந்து தேயும். தேங்காய் எண்ணெயோ டீசலைவிட ஏறத்தாழப் பத்து மடங்கு தடிப்பானது. தனியே ஊற்றினால் நுண்ணிய துளிகளாகச் சிதறாது, பாதி எரிந்து கரியாகும். மூன்று பங்கு மண்ணெண்ணெய்க்கு ஒரு பங்கு எண்ணெய் என்ற அளவில் இரண்டும் சேர்ந்தால் தடிப்பு டீசலின் அளவுக்கு வந்துவிடும், வழுவழுப்பும் கிடைக்கும். மெக்கானிக்குகள் கண்பார்வையிலும் காதுக்குக் கேட்ட எஞ்சின் சத்தத்திலும் எட்டிய விடை, பௌதிகம் தரும் விடைக்குப் பக்கத்தில் இருந்தது. ஆனால் விடை சரியானதால் செலவு இல்லாமற் போய்விடவில்லை. கலவையிலுள்ள எண்ணெய் இன்ஜெக்டர் முனையிலும் பிஸ்ரன் வளையங்களிலும் கரியாகப் படியும், எரியாத மிச்சம் கீழே வடிந்து எஞ்சின் ஒயிலைத் தடிப்பாக்கும், பில்ற்றர் அடைக்கும். தேங்காய் எண்ணெய் 24 பாகை வாக்கில் உறையத் தொடங்குவதால் மார்கழி, தை மாத விடியற்காலையில் குழாய்க்குள்ளேயே இறுகிவிடும். எஞ்சினைப் பிரித்துக் கரி சுரண்டும் கூலியும், தடைப் பட்டியலில் இருந்த உதிரிப்பாகத்தின் விலையும், வண்டி நின்ற நாட்களின் இழப்பும் லீற்றர் விலையில் ஒருபோதும் தெரிவதில்லை.

கராச்சுக்கு வெளியே இதைவிடப் பெரிய செலவு ஒன்று இருந்தது. ஒரு லீற்றர் தேங்காய் எண்ணெய்க்கு ஏறத்தாழ எட்டுத் தேங்காய் வேண்டும். பாரமேற்றிய லொறி லீற்றருக்கு நான்கு கிலோமீற்றர் ஓடுகிறது என்று வைத்தால், தனி எண்ணெயில் ஓட ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் இரண்டு தேங்காய் போகும். நன்றாகப் பராமரித்த ஒரு ஏக்கர் தென்னங்காணி ஆண்டுக்கு 3000 தேங்காய் தருமானால் அது 375 லீற்றர், அதாவது 1500 கிலோமீற்றர். ஒரு ஏக்கரின் ஆண்டு விளைச்சல் முழுவதும் கொழும்புக்கு இரண்டு தடவை போய்வரக் கூடப் போதாது. புண்ணாக்கு மாட்டுக்குப் போகும், சிரட்டையும் பொச்சும் அடுப்புக்குப் போகும் என்று கழித்தாலும் கணக்கின் உருவம் மாறாது. தடைக்காலத்தில் அதே எண்ணெய் கறிக்கும் தலைக்கும் சவர்க்காரத்துக்கும் வேண்டியிருந்தது. கலவையின் பெரும்பங்கான மண்ணெண்ணெயோ, பிள்ளைகள் படித்த ஜாம் போத்தல் விளக்கோடு போட்டியிட்டது. மின்சாரமில்லாத ஊரில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் பல இரவுகளின் வெளிச்சம். லொறி கடந்த தூரத்தின் செலவை அடுப்படியும் படிப்பு மேசையும் சேர்ந்தே சுமந்தன.

இது பச்சை எண்ணெயின் கதை, பயோடீசல் அப்படியல்ல என்று ஒருவர் மறுக்கலாம். மறுப்பில் பாதி நியாயம் உண்டு. எண்ணெயை மெதனோலோடு வினைபுரியச் செய்து கிளிசரினைப் பிரித்தெடுத்தால் தடிப்பு டீசலின் அளவுக்கு இறங்கும். கரிப்படிவுப் பிரச்சினையில் பெரும்பகுதி தீரும். கந்தகம் குறைக்கப்பட்ட இக்கால டீசலில் ஒன்றிரண்டு வீதம் பயோடீசல் சேர்ப்பது, இழந்த வழுவழுப்பைத் திருப்பித் தரும் என்பதும் உண்மை. ஆனால் நூறு கிலோ எண்ணெய்க்குப் பத்து கிலோ அளவு மெதனோல் வேண்டும். அதுவும் பெரும்பாலும் இயற்கை வாயுவிலிருந்து பிறந்து கடல் கடந்து வருவது. துறைமுகம் அடைபட்டால் டீசலோடு அதுவும் நின்றுபோகும். பயோடீசலின் ஆற்றல் லீற்றருக்கு ஏறத்தாழ 33 மெகாயூல் என்பதால், டீசல் நூறு லீற்றர் செய்யும் வேலைக்கு இது 109 லீற்றர் அளவு போகும். பம்பில் இரண்டும் ஒரே விலைக்கு விற்றால் பயோடீசல் ஊற்றியவரே நட்டப்படுவார். பழைய வண்டியில் ஊற்றினால் தாங்கியின் அடியில் படிந்த அழுக்கை அது கரைத்துக் கிளப்பிப் பில்ற்றரை அடைக்கும். பழைய றப்பர் குழாய்களை ஊறவைத்துக் கெடுக்கும். வேதியியல் எஞ்சினைக் காப்பாற்றியது. தேங்காயின் எண்ணிக்கையை அது குறைக்கவில்லை.

இரண்டாவது மறுப்பு வலுவானது. இறக்குமதி டீசலின் விலையில் ஆபத்தின் விலை சேரவில்லை என்பார்கள். 2022 ஐப் பாருங்கள். டொலர் தீர்ந்த நாட்டில் வாகனங்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றன. 2021 இல் 111 ரூபாய்க்கு விற்ற ஒரு லீற்றர் டீசல் 2022 ஜூன் இறுதியில் 460 ரூபாயைத் தொட்டது. ஓகஸ்டில் மண்ணெண்ணெய் 87 இலிருந்து 340 ரூபாய்க்கு ஒரேயடியாக ஏறியபோது, மண்ணெண்ணெயில் ஓடும் வெளியிணைப்பு எஞ்சினை நம்பிக் கடலுக்குப் போகும் தீவக மீனவர்கள்தான் முதலில் அடிபட்டார்கள். உள்ளூரில் எண்ணெய் வடித்திருந்தால் தப்பியிருக்கலாமே என்பது வாதம். ஆனால் அந்த நெருக்கடிக்கு முன்பே உணவு எண்ணெயும் நாட்டுக்குள் பற்றாக்குறையாகத்தான் இருந்தது. இலங்கையின் ஆண்டுத் தேங்காய் விளைச்சல் 300 கோடியை ஒட்டியது. அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வீடுகளிலேயே தீர்ந்துவிடுகிறது. சமையலுக்கு ஒன்றுகூட விடாமல் அத்தனையையும் ஆலையிலிட்டாலும் நாட்டின் டீசல் தேவையில் கால்வாசியைக்கூட எட்டாது. கரம்பொன்னின் உவர் நிலத்தில் தென்னை செழிப்பதுமில்லை. எண்ணெயும் தாம்போதி ஏறித்தான் வர வேண்டும். தீவுக்கு அது உள்ளூர் எரிபொருள் ஆகாது, இன்னொரு இறக்குமதிதான்.

வேறு நாடுகள் செய்து காட்டவில்லையா என்று கேட்டால், காட்டியவற்றை நெருங்கிப் பார்க்க வேண்டும். யாழ்ப்பாணம் அடைபட்ட அதே 1990 இல் பப்புவா நியூகினி பூகன்வில் தீவை முற்றுகையிட்டது. அத்தீவார் தேங்காய் எண்ணெயில் வாகனம் ஓட்டியது உலகப் புகழ்பெற்றது. ஆனால் அங்கே தென்னந்தோட்டம் ஏராளம், கொப்பறாவை வாங்கும் வெளிச்சந்தை அடைபட்டிருந்தது, ஓட வேண்டிய வண்டிகளும் சில. எண்ணெயின் மாற்றுப் பயன் விழுந்துபோன இடத்தில் அது மலிவாவது இயல்பு. உலகின் பெருந்தென்னை நாடுகளில் ஒன்றான பிலிப்பைன்ஸ் 2006 சட்டத்தின்பின் தேங்காய் டீசலை 1 வீதத்தில் தொடங்கி, 2024 இல்தான் 3 வீதத்தைத் தொட்டது. இந்தோனேசியா பாம் எண்ணெயை 40 வீதம் வரை கலப்பது, ஏற்றுமதியாகும் எண்ணெய் மீது அறவிடும் வரியை விலை வித்தியாசத்துக்கு ஈடாகக் கொட்டுவதால். இந்தியத் திட்டக்குழு 2003 இல் காட்டாமணக்கை நம்பி 20 வீதக் கலப்பைக் கனவு கண்டது. தரிசில் தானே வளரும் என்றார்கள். தண்ணீரும் உரமும் இல்லாத தரிசில் அது காய்க்கவில்லை, தமிழ்நாட்டு விவசாயிகள் பலர் செடியைப் பிடுங்கிவிட்டு வேறு பயிருக்குப் போனார்கள். நான்கு இடங்களிலும் வித்தியாசத்தை யாரோ கட்டியிருக்கிறார்கள்: அடைபட்ட சந்தை, பம்பில் நிற்கும் வாடிக்கையாளர், ஏற்றுமதியாளர், விவசாயி.

1995 இன் இறுதியில் யாழ்ப்பாணம் அரசின் கைக்கு மாறிக் கப்பல்வழியே எரிபொருள் வரத் தொடங்கி, 2002 இல் ஏ9 பாதையும் திறந்த பின்பு, எண்ணெய்க் கலவை வழக்கொழிந்தது. அதை மறதி என்றோ நன்றிகேடு என்றோ எண்ண வேண்டாம். ஐந்தாண்டுகள் அதில் ஓடியவர்கள் தங்கள் கணக்குப் புத்தகத்தைப் பார்த்து எடுத்த முடிவு அது. சந்தை திறந்திருக்கும்போது கிலோமீற்றருக்கு டீசலே மலிவு. சந்தை அடைபட்டால் டீசலுக்கு விலையே கிடையாது. அப்போது எண்ணெய் எவ்வளவு விலையானாலும் வாங்கப்படும். ஆகவே தாவர டீசலை நாளாந்த எரிபொருளாக மதிப்பதைவிடக் காப்புறுதியாக மதிப்பதே பொருந்தும். காப்புறுதிக்கு மட்டான தவணை கட்டுவது புத்தி. வருமானம் முழுவதையும் அதில் கொட்டுவது மடமை. உணவகங்களில் பொரித்து எஞ்சிய எண்ணெயைச் சேர்த்துச் சிறு ஆலையில் வடிப்பதும், காரைநகருக்குப் போகும் மிதவைப் பாதைக்கும் குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவு, நயினாதீவு போகும் படகுகளுக்கும் அம்புலன்ஸ்களுக்கும் சில வாரத்துக்கான இருப்பு வைப்பதும் அந்தத் தவணைக்குள் அடங்கும். கொழும்பு லொறிகள் அத்தனையையும் தென்னந்தோப்பை நம்பி ஓட்டுவது அடங்காது. எந்த எரிபொருளைப் பற்றிப் பேசினாலும் லீற்றர் விலையைச் சொல்லிவிட்டு நிறுத்துகிறவரிடம், ஒரு மூட்டையைக் கரம்பொன்னில் இறக்க மொத்தம் எவ்வளவு ஆகும், அதை யார் கட்டுவார் என்ற இரண்டு கேள்விகளையும் கேட்டே ஆக வேண்டும்.