குலமும் விலக்கும்

1982ஆம் ஆண்டு ராபர்ட் கிரைஸ் என்ற அமெரிக்கக் கணிதவியலாளர் நீண்ட ஆய்வுக்கட்டுரை ஒன்றை வெளியிட்டார். அதுவரை ஊகமாக மட்டுமே இருந்த ஒரு மாபெரும் கணித அமைப்பு உண்மையில் இருக்கிறது என்பதை, அதைக் கட்டியே காட்டி அதில் நிறுவினார். கூடவே, எந்த வரிசையிலும் அடங்காத இருபத்தாறு அமைப்புகளை இரண்டாகப் பிரித்துப் பெயரும் வைத்தார். இருபதுக்கு ‘மகிழ்ச்சியான குடும்பம்’ என்று பெயர். அந்தக் குடும்பத்தில் சேராத ஆறுக்குப் பெயர் ‘பறையா’.

ஆங்கில அகராதியில் அந்தச் சொல்லுக்கு ‘விலக்கி வைக்கப்பட்டவர்’ என்று பொருள். அது நம் மொழியிலிருந்து போன சொல். பறையர் என்ற சாதிப் பெயர் காலனியக் காலத்தில் ஐரோப்பிய மொழிகளுக்குள் நுழைந்தது. தீண்டாமையைச் சுமந்த ஒரு சமூகத்தின் பெயரே, ஒதுக்கப்பட்ட எதையும் குறிக்கும் பொதுச்சொல்லாகிவிட்டது. ஆங்கிலத்தில் படிப்பவர் அதைச் சாதாரணச் சொல்லாகக் கடந்துபோகலாம். தமிழில் படிக்கும் நாம் அப்படிக் கடக்க முடியாது.

நம் பாடநூல்கள் இந்தக் கணித அமைப்புக்கு வைத்திருக்கும் பெயரும் யோசிக்க வைப்பதுதான்: குலம். ஒரு கேரம் பலகையை எடுத்துக்கொள்ளுங்கள். கால் சுற்று திருப்பினாலும் அது முன்போலவே இருக்கும். அப்படி நான்கு திருப்பல்கள், நான்கு கண்ணாடிப் பிரதிபலிப்புகள் என மொத்தம் எட்டு. பலகையின் தோற்றத்தை மாற்றாத இந்த எட்டுச் செயல்களும் சேர்ந்தது ஒரு குலம். சில குலங்களைச் சிறிய குலங்களாகப் பிரிக்கலாம். சிலவற்றைப் பிரிக்கவே முடியாது. எண்களில் பகா எண்கள் எப்படியோ, குலங்களில் அவை அப்படி. அவற்றுக்கு ‘எளிய குலங்கள்’ என்று பெயர். ஆனால் எளிதாகப் புரியக்கூடியவை என்று நினைத்துவிடக் கூடாது.

முடிவுறு எளிய குலங்கள் பெரும்பாலும் பதினெட்டு முடிவற்ற வரிசைகளில் அடங்கிவிடுகின்றன. அடங்காமல் நிற்பவை இருபத்தாறுதான். முதல் ஐந்தை 1861க்கும் 1873க்கும் இடையில் பிரான்சில் எமில் மாத்தியூ கண்டறிந்தார். அவற்றைச் ‘சிதறியவை’ என்ற பொருளில் வில்லியம் பர்ன்சைடு 1911இல் குறிப்பிட்டார். ஆறாவது குலம் 1965இல்தான் ஸ்வோனிமிர் யான்கோவுக்குக் கிடைத்தது. பிறகு பத்தே ஆண்டுகளில் மற்ற இருபதும் கணிதவியலாளர்களின் கண்ணில் பட்டுவிட்டன. இவற்றில் மிகச் சிறியதில் 7,920 உறுப்புகள். மிகப் பெரியதான ‘அரக்க’ குலத்தின் உறுப்புகளை எண்ணினால் 54 இலக்க எண் வரும். கிரைஸ் கட்டிக்காட்டியது அதைத்தான். அரக்கனுக்குள் இடம் கிடைத்தவை குடும்பம். கிடைக்காதவை விலக்கப்பட்டவை.

அரக்கனையும் ‘குட்டி அரக்க’னையும் தவிர மற்றக் குலங்கள் கண்டறிந்தவர்களின் பெயரால் வழங்குகின்றன. மாத்தியூ, யான்கோ, கான்வே, ஃபிஷர், சுசுகி, ஹெல்ட், ருத்வாலிஸ், லயன்ஸ், ஓ’நான், ஹரடா என்று நீளும் அந்தப் பட்டியலில் ஒரு பெண் பெயர்கூட இல்லை. எந்தப் பெண்ணின் கண்டுபிடிப்பையும் யாரோ திருடிக்கொண்டார்கள் என்று இங்கே சொல்லவில்லை. பெயர் எந்த உழைப்புக்குக் கிடைக்கிறது, எந்த உழைப்புக்குக் கிடைப்பதில்லை என்பதே கேள்வி.

1968ஆம் ஆண்டை மட்டும் பார்ப்போம். அந்த ஆண்டு ஜான் கான்வே தம் பெயர் தாங்கிய மூன்று குலங்களை அறிவித்தார். அவர் ஆராய்ந்தது 24 பரிமாணப் புள்ளிக்கட்டம் ஒன்றை. அந்தக் கட்டத்தைக் ‘கோலே குறிமுறை’யைக் கொண்டு அமைக்கலாம். செய்தியை 24 இடங்கள் கொண்ட துண்டுகளாக அனுப்பும் முறை அது. ஒரு துண்டில் மூன்று இடங்கள் வழியில் பிழையாகிப் போனாலும் மூலச் செய்தியை மீட்டுவிடலாம். வாயேஜர் விண்கலங்கள் வியாழன், சனி ஆகிய கோள்களின் வண்ணப் படங்களை அனுப்பியது இந்த முறையில்தான். அந்த 24 இடங்களைக் குறிமுறை கெடாமல் மாற்றியடுக்க 24,48,23,040 வழிகள் உண்டு. அவை சேர்ந்ததுதான் மாத்தியூவின் மிகப் பெரிய குலம்.

இப்படிப்பட்ட குறிமுறை ஒன்றே ஒன்றுதான் இருக்க முடியுமா? ஆம் என்று அதே 1968இல் நிறுவியவர் வெரா பிளெஸ். சிகாகோவில் புலம்பெயர்ந்த யூதக் குடும்பத்தில் 1931இல் பிறந்தவர். முனைவர் பட்டம் பெற்றவர். கணவரின் வேலைக்காகப் பாஸ்டன் பகுதிக்குப் போய்ப் பிள்ளைகளை வளர்த்தவர், மறுபடியும் வேலை தேடியபோது பெண் என்பதாலேயே கல்லூரிக் கதவுகள் எளிதில் திறக்கவில்லை. இடம் கொடுத்தது விமானப்படையின் ஆய்வகம் ஒன்று. குறிமுறைக் கணிதத்துக்குள் அவர் வந்த வழி அது.

அதே ஆண்டில் இன்னொரு கட்டுரையும் வெளியானது. எழுதியவர் 1935இல் சென்னையில் பிறந்த பாமா ஸ்ரீநிவாசன். சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்து, மான்செஸ்டரில் முனைவர் பட்டம் பெற்று, அப்போது சென்னை இராமானுஜன் கணித நிறுவனத்தில் பணியாற்றிக்கொண்டிருந்தவர். ஒரு குலத்தின் இயல்புகளையெல்லாம் எண்களாக அடுக்கிக் காட்டும் அட்டவணை உண்டு. குலங்களை அடையாளம் காண அதுதான் பெரிய துணை. அரக்க குலத்தைக் கட்டி முடிப்பதற்கு முன்பே, 194 வரிசைகள் கொண்ட அதன் அட்டவணையைக் கணக்கிட்டுவிட்டார்கள். பாமாவின் கட்டுரை, சிதறிய குலங்களுக்கல்ல, முடிவற்ற வரிசைகளில் ஒன்று முழுவதற்குமான அட்டவணையைத் தந்தது. அதில் அவர் ‘தீட்டா 10’ என்று குறித்த ஓர் உருப்படி எதிர்பாராத இயல்பு கொண்டது. பிற்காலக் கோட்பாடுகளில் திரும்பத் திரும்ப எடுத்துக்காட்டாக வருவது. இன்றும் அதற்கு வழங்கும் பெயர் தீட்டா 10தான். கண்டவரின் பெயர் அல்ல, அவர் இட்ட வரிசை எண்.

இருவரும் பின்னர் ஒரே துறையில் பணியாற்றினார்கள். சிகாகோவின் இல்லினாய் பல்கலைக்கழகத்துக்கு 1975இல் பிளெஸ் வந்தார்; 1980இல் பாமா வந்தார். 1981 முதல் 1983 வரை கணிதத்தில் பெண்கள் சங்கத்தின் தலைவராகப் பாமா இருந்தார். கிரைஸின் கட்டுரை வெளியான அதே 1982இல், எம்மி நோத்தரின் நூற்றாண்டை அந்தச் சங்கம் பிரின் மார் கல்லூரியில் கருத்தரங்காக நடத்தியது. கட்டுரைகளைத் தொகுத்தவர்களில் பாமாவும் ஒருவர்.

நோத்தர் இல்லாமல் இந்தக் கணிதத்தின் மொழியே இல்லை. குட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் பெண் என்பதால் தம் பெயரில் பாடம் நடத்த உரிமையில்லாமல், நான்கு ஆண்டுகள் ஹில்பர்ட்டின் பெயரில் நடத்தினார். 1933இல் நாஜி அரசு அவரை யூதர் என்பதால் வேலைநீக்கியது. பிரின் மாரில் அடைக்கலம் பெற்று 1935இல் இறந்தார். அவருடன் சேர்ந்து ஆய்வு செய்த ரிச்சர்டு பிரவுவர்தான், எளிய குலங்களை வகைப்படுத்துவதற்கான வழியை 1954இல் முன்வைத்தவர்.

கணிதத்தில் பெண்களைப் பற்றிப் பேசும்போதெல்லாம் ‘விதிவிலக்கு’ என்ற சொல் வந்துவிடுகிறது. நோத்தர் ஒரு விதிவிலக்கு, பிளெஸ் ஒரு விதிவிலக்கு, பாமா ஒரு விதிவிலக்கு. தமிழில் விலக்கு என்ற சொல்லுக்குள் ஊர்விலக்கும் இருக்கிறது, வீட்டுவிலக்கும் இருக்கிறது. ஒவ்வொருவரையும் தனித்தனி அதிசயமாக்கிப் புகழ்வதும் விலக்கி வைப்பதுதான். அவர்களைச் சேர்த்து வாசித்தால் ஒரே துறை, ஒரே சங்கம், கைமாறி வந்த ஒரே மொழி தெரிகிறது.

ஆனால் அதை நமது ‘மகிழ்ச்சியான குடும்ப’மாக்கி நிறுத்திக்கொண்டால் கிரைஸின் பிரிவினையைத்தான் மறுபடி செய்தவர்களாவோம். 1950களின் சென்னையில் கல்லூரிக் கணித வகுப்பின் வாசல் பெண்களுக்குக் குறுகலாக இருந்தது. தலித் பெண்களுக்கு அதைவிடக் குறுகல். எந்தக் குலத்தின் பெயர் விலக்கப்பட்டவைக்கான கலைச்சொல்லாகிப் பாடநூலில் ஏறியதோ, அந்தக் குலத்துப் பெண் அந்தப் பாடநூலைத் திறக்கவே எத்தனை தடைகளைத் தாண்ட வேண்டியிருந்தது!

விலக்கப்பட்ட அந்த ஆறும் வெறும் எச்சங்கள் அல்ல. அவற்றில் ஒன்றான ஓ’நான் குலத்துக்கும் எண் கோட்பாட்டின் ஆழமான கேள்விகளுக்கும் தொடர்பு இருப்பதை 2017இல் மூன்று கணிதவியலாளர்கள் காட்டினார்கள். அரக்கனுக்குள் இடமில்லை என்பது அரக்கனை நடுவில் வைத்துப் பார்ப்பவரின் கணக்கு.

இந்தக் கணிதம் என்றாவது தமிழில் விரிவாக எழுதப்படும். எழுதும் மாணவி அந்த ஆறுக்கும் பெயர் வைத்தாக வேண்டும். அப்படியே ஒலிபெயர்த்தால், நம்மிடமிருந்து போன இழிவு கலைச்சொல்லாகத் திரும்பி வரும். ‘தனித்த ஆறு’ என்று எழுதலாம்; பொருள் குறையாது. பழைய பெயர் எங்கிருந்து வந்தது என்பதையும் கீழே ஓர் அடிக்குறிப்பாக அவள் எழுத வேண்டும்.