புதியதைக் காணும் கண்: அவதான ஆய்வின் வரலாறு பற்றிய ஒரு குறிப்பு

அவதானம் மனித மனத்தின் என்றுமுள்ள இயல்பு என்றே உளவியல் நூல்கள் பெரிதும் பேசிவந்துள்ளன. அதனை ஆய்வுப்பொருளாக்கிய தேவை எங்கிருந்து பிறந்தது என்பதை அவை அரிதாகவே வினவுகின்றன. 1867 இல் வெளிவந்த 'மூலதனம்' முதற் பாகத்தில், வேலை உழைப்பாளியை எவ்வளவுக்கு ஈர்க்காதிருக்கின்றதோ அவ்வளவுக்கு அவனது அவதானம் வலிந்து பெறப்படுகின்றது என்பதை மார்க்ஸ் சுட்டியிருந்தார். கண்சார்ந்த அவதானத்தைப் பொறுத்தவரை இவ்வுண்மை கூர்மையாக வெளிப்பட்டது இரண்டாம் உலகப் போரின்போதாகும்.

றேடார் திரையின்முன் நெடுநேரம் அமர்ந்திருந்த பிரித்தானிய விமானப்படையினர், நீர்மூழ்கிகளைக் குறித்த சிறு ஒளிப்புள்ளிகளைத் தவறவிட்டனர். நோர்மன் மக்வேர்த் இதனை ஆராய ஒரு கடிகாரத்தை அமைத்தார். செக்கனுக்கு ஓரடி நகரும் அதன் முள் எப்போதாவது ஈரடி பாயும். அப்பாய்ச்சலைக் கண்டறிவதே பணி. இரு மணிநேரப் பணியில் முதல் அரைமணியின் பின்னரே திறன் குன்றியதை அவர் 1948 இல் வெளியிட்டார். சோம்பல் என்று கருதப்பட்டது வேலையின் அமைப்பிலிருந்தே எழுந்தது என்பது இதனாற் புலனாயிற்று.

திரைமுன் உழைப்பு பெருகிய பின்னர் வினாவும் மாறியது. 1997 இல் டெறிக் வொற்சனும் கிளின் ஹம்பிறீஸும் நடத்திய பரிசோதனைகள் இவ்வகையிற் குறிப்பிடத்தக்கவை. முதலில் பச்சை 'எச்' எழுத்துக்கள் ஒரு செக்கன் தனியே காட்டப்பட்டன. பின்னர் நீல 'ஏ' எழுத்துக்களுடன், தேடவேண்டிய நீல 'எச்' சேர்க்கப்பட்டது. பச்சை எழுத்துக்கள் திரையிலேயே நின்றபோதும், அவை இல்லாததுபோன்ற விரைவுடன் தேடல் நிகழ்ந்தது. பழையவற்றைக் கண் ஒதுக்கிவிட்டது. ஆனால் அவ்வொதுக்கலுக்கு ஏறத்தாழ 400 மில்லிசெக்கன் முன்காட்சி வேண்டும். அவ்வேளையில் வேறொரு பணியும் சுமத்தப்பட்டால் பயன் குறையும். அதாவது, புறக்கணிப்பும் ஓர் உழைப்பே. பழக்கம் புலக்காட்சியை மழுங்கச் செய்கின்றது என 1917 இல் வாதிட்ட ஷ்க்லோவ்ஸ்கியை இலக்கிய மாணவர் இங்கு நினைவுகூரலாம். எனினும் இது மழுங்கலன்று, நோக்குடைய தடுப்பாகும்.

இம்முடிவு மறுக்கப்படாமலில்லை. புதியவை திடீரெனத் தோன்றும்போது ஏற்படும் ஒளிர்வு மாற்றமே கண்ணை இழுக்கின்றது, பழையவை தடுக்கப்படுவதில்லை என்று டொங்க், தேயுவஸ் ஆகியோர் 2001 இல் வாதிட்டனர். மனிதனைத் தூண்டலின் அடிமையாக்கும் இவ்விளக்கம் எனக்கு முழுமையாகத் தோன்றவில்லை. ஒளிர்வு மாற்றமின்றியும் அப்பயன் கிடைக்கக்கூடும் என்பதை 2006 இல் வெளியான ஆய்வு காட்டிற்று. ஆயினும் தேடப்படுவது புதியவற்றுள்ளேயே வரும் என்று பங்குபற்றுநருக்கு முன்கூட்டியே கூறியவர் பரிசோதகரே. தொழிற்களத்தில் அத்தகைய உறுதி எவர்க்கும் அளிக்கப்படுவதில்லை.

பழையவற்றின் நிறத்தையே உடைய புதிய பொருள் தாமதித்தே காணப்படும் என்பதும் இவ்வாய்வுகளின் பேறு. முதலில் வந்தவற்றை ஒதுக்கிய அதே முயற்சி, அவற்றை ஒத்த புதியதையும் மறைத்துவிடுகின்றது. கட்டுப்பாட்டு அறையில் ஓர் எச்சரிக்கை தவறும்போது, விசாரணை அங்கிருந்தவரின் அசட்டையுடன் நின்றுவிடலாகாது; அந்த எச்சரிக்கைக்கு ஏனையவற்றின் நிறத்தையே கொடுத்தவர் யாரென்றும் வினவவேண்டும்.