விந்தணுவை எண்ணத் தொடங்கிய கதை

விந்துவுக்குள் உயிருள்ளவை நீந்துகின்றன என்ற செய்தி உலகுக்குத் தெரிந்தது 1677இல், ஹாலந்தின் டெல்ஃப்ட் நகரத்துத் துணி வியாபாரி ஆன்டனி வான் லேவன்ஹுக் மூலம். முதலில் பார்த்தவர் அவர் அல்லர். லைடனில் மருத்துவம் படித்த யோஹன் ஹாம் என்ற இளைஞர், வெட்டை நோய் கண்ட ஒருவரின் விந்தைக் கொண்டுவந்து, அதில் வாலுள்ள சிற்றுயிர்கள் இருப்பதாகச் சொன்னார். நோயால் விந்து அழுகி அவை தோன்றியிருக்கும் என்பது ஹாமின் எண்ணம். லேவன்ஹுக் தன் விந்தையே நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். நோயில்லாத உடலிலும் அவை இருந்தன. பத்து லட்சம் சேர்ந்தாலும் பெரிய மணல் ஒன்றின் பருமனுக்கு வராத உயிர்கள் என்று லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதினார். இந்த விந்து பாவ வழியில் எடுத்ததன்று, மனைவியோடு கூடிய பின் எஞ்சியது என்றும், இது அறிஞர்களுக்கு அருவருப்பாகப் பட்டால் வெளியிட வேண்டாம் என்றும் அதே கடிதத்தில் கேட்டுக்கொண்டார்.

விந்தணுவை எண்ணிப் பார்க்கும் ஆசையும் அவரிடமே தொடங்கியது. 1679இல் ஒரு காட் மீனின் விந்துப் பையில் 15,000 கோடி உயிர்கள் இருக்கும் என்று கணக்குப் போட்டார். ஹாலந்தின் அன்றைய மக்கள் நெருக்கத்தை உலகம் முழுவதற்கும் விரித்தால்கூட மனிதர் 1,338 கோடிக்கு மேல் போக மாட்டார்கள் என்பதும் அவர் கணக்கு. ஒரு மீனுக்குள் அதைப் போல் பத்து மடங்குக்கு மேல்! கணக்கு வியப்புக்காகப் போட்டது, நோயறிய அன்று. ஒவ்வோர் அணுவுக்குள்ளும் குட்டி மனிதன் சுருண்டு கிடக்கிறான் என்ற கருத்தும் பரவியது. 1694இல் நிக்கோலஸ் ஹார்ட்சூக்கர் அதைப் படமாகவே வரைந்துவிட்டார்.

கருத்தரிக்க இந்த அணுக்கள் தேவையா, அல்லது விந்தில் ஒட்டி வாழும் புழுக்கள்தானா என்ற கேள்விக்கு விடை கிடைக்க ஒன்றரை நூற்றாண்டு ஆயிற்று. இத்தாலியப் பாதிரியார் லாஸரோ ஸ்பல்லான்ஸானி ஆண் தவளைகளுக்கு மெழுகுத் துணியில் கால்சட்டை தைத்துப் போட்டார். விந்து முட்டையைத் தொடாவிட்டால் தலைப்பிரட்டை இல்லை என்று தெரிந்தது. 1780 வாக்கில் ஒரு பெட்டை நாய்க்கு ஊசிக்குழலால் விந்து செலுத்த, 62 நாளில் மூன்று குட்டிகள் பிறந்தன. விந்தை வடிகட்டியும் பார்த்தார்: வடிநீர் பயன்படவில்லை, வடிதாளில் தங்கியது பயன்பட்டது. விடை கைக்குள் வந்த பிறகும் அந்தப் 'புழுக்கள்' தேவையில்லை என்றே அவர் முடிவு கட்டினார். 1824இல் ஜெனீவாவில் ப்ரெவோவும் டூமாவும் வடிகட்டல் சோதனையைத் திரும்பச் செய்து, அணுக்கள் இல்லாத விந்தால் கரு உண்டாகாது என்று நிறுவினார்கள். 1876இல் ஆஸ்கர் ஹெர்ட்விக் கடல் முள்ளெலியின் முட்டையில் இரண்டு உட்கருக்கள் ஒன்று சேர்வதைக் கண்டபோதுதான் ஐயம் முழுதாகத் தீர்ந்தது.

ஆய்வுக்கூடத்தில் இவ்வளவு நடந்தும் மருத்துவர் அறைக்குள் ஆணின் விந்து எளிதில் நுழையவில்லை. குழந்தையில்லாத வீட்டில் சோதனையும் சிகிச்சையும் பெண்ணுக்கே. உடலுறவு கொள்ள முடிகிறவனுக்குக் குறை இருக்காது என்று மருத்துவர்களும் நம்பினார்கள். ஆண்மைக் குறைவு வேறு, விந்தணுக் குறைவு வேறு என்ற எளிய பிரிவினைகூட அன்று தெளிவாகவில்லை. தமிழ்நாட்டுச் சுவர் விளம்பரங்களில் இன்றும் அது தெளிவாகவில்லை. 'மலடி' என்ற சொல் புழங்கிய அளவுக்கு 'மலடன்' புழங்கவில்லை.

அமெரிக்க மருத்துவர் ஜே. மேரியன் சிம்ஸ் 1866இல் வெளியிட்ட நூலில், கூடலுக்குப் பின் பெண்ணின் கருப்பைவாய்ச் சளியை எடுத்து, அதில் உயிருள்ள விந்தணு உண்டா என்று நுண்ணோக்கியில் பார்க்கச் சொன்னார். அலபாமாவில் அடிமைப் பெண்கள்மீது மயக்கமருந்து இல்லாமல் அறுவைச் சோதனைகள் செய்தவர் அவர். அந்தக் கறை அவர் பெயரிலிருந்து நீங்காது. சக மருத்துவர்களைக் கூச வைத்தது அதுவன்று, இந்த விந்துச் சோதனைதான். 1913இல் மாக்ஸ் ஹூனர் அதைச் செப்பனிட்டு எழுத, சிம்ஸ்–ஹூனர் சோதனை என்று பெயர் நிலைத்தது.

ஆனால் அந்தச் சோதனை 'உண்டா, இல்லையா' என்று சொல்லுமே தவிர 'எவ்வளவு' என்று சொல்லாது. தரத்தை முறையாகப் பார்க்கத் தொடங்கியதில் மாட்டு வைத்தியத்துக்குப் பங்குண்டு. சினை பிடிக்க வைக்காத காளை பண்ணைக்காரருக்கு நேரடி நட்டம். அங்கே வெட்கத்துக்கு இடமில்லை. 1925இல் வில்லியம்ஸ், சாவேஜ் இருவரும் காளை விந்தணுக்களின் உருக்குறைகளை வகைப்படுத்திக் கட்டுரை எழுதினார்கள். 1929இல் டொனால்ட் மக்கோம்பரும் மோரிஸ் சாண்டர்ஸும் இரத்த அணுக்களை எண்ணும் கட்டமிட்ட கண்ணாடியை மனித விந்துக்குப் பயன்படுத்தினார்கள். 294 மாதிரிகளை எண்ணி, ஒரு கன சென்டிமீட்டரில் 6 கோடிக்குக் கீழே போனால் கருத்தரிப்பு அரிது என்றார்கள். ஆண்களைப் பிரிக்கும் கோடு முதல்முறையாக ஓர் எண்ணாக எழுதப்பட்டது.

அந்தக் கோட்டை அசைத்தவர் ஜான் மெக்லியட். கருத்தரிக்காத தம்பதியரின் கணவர்களை மட்டும் எண்ணினால் எது குறைவு என்று எப்படித் தெரியும்? தந்தையானவர்களின் எண்ணிக்கை தெரிந்தால்தானே ஒப்பிடலாம்? நியூயார்க்கில் கர்ப்பகாலப் பரிசோதனைக்கு வந்த பெண்களின் கணவர்கள் 1,000 பேரையும், பிள்ளையில்லாத 1,000 ஆண்களையும் அருகருகே வைத்து ரூத் கோல்டுடன் சேர்ந்து ஆராய்ந்தார். 1951இல் வெளியான முடிவில் கோடு மில்லிலிட்டருக்கு 2 கோடி என்று இறங்கியது. தந்தையாகப் போகிறவர்களில் 100க்கு 5 பேர் அதற்குக் கீழே இருந்தார்கள். பிள்ளையில்லாதவர்களில் 16 பேர். அதாவது பிள்ளையில்லாதவர்களிலும் பெரும்பாலோர் கோட்டுக்கு மேலேதான். இந்த இரண்டாவது பாதி ஆய்வகச் சீட்டில் ஏறவில்லை. 2 கோடி என்ற எண் மட்டும் அரை நூற்றாண்டுக்கு மேல் தேர்வில் தேறும் மதிப்பெண் போல நின்றது.

எண்ணுவது தனி ஆளின் காரியம் மட்டுமன்று என்பதை 1977இல் கலிஃபோர்னியாவின் ஒரு பூச்சிமருந்து ஆலை காட்டியது. அங்கே வேலை செய்தவர்கள் தங்களில் யாருக்கும் அண்மையில் பிள்ளை பிறக்கவில்லை என்று பேசிக்கொண்டார்கள். சோதித்தபோது பலருக்கு விந்தணு மிகக் குறைவு, சிலருக்கு அறவே இல்லை. காரணம், மண்ணிலுள்ள நூற்புழுக்களைக் கொல்லும் டிபிசிபி என்ற மருந்து. அது எலிகளின் விதைகளைச் சுருக்குகிறது என்று 1961லேயே அச்சில் வந்திருந்தது. அமெரிக்காவில் 1979இல் பெரும்பாலான பயன்பாடுகள் நிறுத்தப்பட்டன. கோஸ்டா ரிகாவின் வாழைத் தோட்டத் தொழிலாளர்களும் அதற்குள் பாதிக்கப்பட்டிருந்தார்கள்.

ஊருக்கு ஊர் எண்ணும் முறை மாறினால் ஒப்பிட வழியில்லை. உலக சுகாதார நிறுவனம் 1980இல் விந்து ஆய்வுக்கான முதல் கையேட்டை வெளியிட்டது. எண்ணிக்கையின் கோடு அதிகம் ஆடவில்லை. உருவத்தின் கோடுதான் சரிந்தது. இயல்பான உருவமுள்ள அணுக்கள் 1987 பதிப்பின்படி 100க்கு 50 வேண்டும், 1992இல் 30, 2010இல் 4. ஆண்கள் இருபது ஆண்டில் அவ்வளவு கெட்டுவிடவில்லை. எது இயல்பு என்று பார்க்கும் கண் கடுமையாயிற்று. தென்னாப்பிரிக்காவின் டைகர்பெர்க்கில் தினஸ் க்ரூகர் 1986இல் வகுத்த கண்டிப்பான அளவுகோல் அதற்குப் பெரிய காரணம்.

1992இல் இரண்டு செய்திகள் வந்தன. டென்மார்க்கின் நீல்ஸ் ஸ்காகெபெக் குழு 61 ஆய்வுகளின் 14,947 ஆண்களைத் தொகுத்து, சராசரி எண்ணிக்கை அரை நூற்றாண்டில் மில்லிலிட்டருக்கு 11.3 கோடியிலிருந்து 6.6 கோடியாகக் குறைந்தது என்றது. பழைய ஆய்வுகளின் முறைகளும் ஆட்களும் ஒத்தவை அல்ல என்று எதிர்ப்பு எழுந்தது. 2017இல் ஹகாய் லெவின் குழு கூடுதல் தரவுகளுடன் வீழ்ச்சியை மறுபடி சொன்ன பின்னும் வாதம் ஓயவில்லை. அதே 1992இல் பிரஸ்ஸல்ஸில், ஒற்றை விந்தணுவை ஊசியால் முட்டைக்குள் செலுத்தி உண்டான கருக்கள் பிள்ளைகளாகப் பிறந்த செய்தி வெளியானது. கோடிகளைத் தேடிய துறைக்கு ஒன்று போதும் என்றாயிற்று.

2010 கையேடு முதல் கோடு போடும் முறையே மாறியது. மனைவி ஓராண்டுக்குள் கருவுற்ற ஆண்களை எண்ணிக்கைப்படி வரிசையாக நிறுத்தினால், கடைசி ஐந்து விழுக்காடு தொடங்கும் இடம் எதுவோ அதுவே கீழ் எல்லை. அது 2010இல் மில்லிலிட்டருக்கு 1.5 கோடி, ஐந்து கண்டங்களின் தரவு சேர்ந்த 2021 பதிப்பில் 1.6 கோடி. இப்படிப் போட்ட எல்லைக்குக் கீழே 100 தந்தையரில் 5 பேர் எப்போதும் இருந்தே தீர்வார்கள். அதனால்தான் இந்த எண்ணை வைத்து மட்டும் ஒருவரை மலடர் என்றோ அல்லர் என்றோ பிரிக்கக் கூடாது என்று 2021 பதிப்பு ஆய்வகங்களுக்குச் சொல்லியிருக்கிறது.